வார்டில் பிறக்கும் கேள்வி: சித்தூர், திருப்பதி மருத்துவ மாணவர்களின் இணையத் தேடல்

மருத்துவ மாணவர் இணையத்தில் தேடுவது இரண்டு தேவைகளுக்காக. ஒன்று தேர்வு, மற்றது நோயாளி. தேர்வுக் கேள்விக்கு யாரோ ஒருவர் முன்பே விடையை முடிவு செய்து வைத்திருக்கிறார். மாணவர் அதைக் கண்டுபிடித்தால் போதும். நோயாளியின் கட்டிலருகே எழும் கேள்விக்கு அப்படி யாரும் விடை எழுதி வைக்கவில்லை. விடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அது வேறொரு நாட்டில், வேறு வகை நோயாளிகளிடம் கண்டறிந்ததாக இருக்கலாம். ‘நம்பகமான தகவல் எது’ என்ற கேள்வியைப் பலரும் ‘நம்பகமான தளம் எது’ என்று சுருக்கிவிடுகிறார்கள். பாதிச் சிக்கல் இந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே தளம் ஒரு கேள்விக்குச் சரியான இடமாகவும் அடுத்த கேள்விக்குத் தவறான இடமாகவும் இருக்க முடியும்.

ஆந்திரத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இதை நெருங்கிப் பார்க்கலாம். திருப்பதியில் 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி அரசுக் கல்லூரி. அதன் மாணவர்கள் பயில்வது ‘ரூயா’ என்று ஊரே அழைக்கும் அரசு பொது மருத்துவமனையில். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-இல் எழுந்த ‘ஸ்விம்ஸ்’ நிறுவனத்தின் கீழ், 2014 முதல் பெண்களுக்கான ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சித்தூரில் அப்பல்லோவின் கல்லூரியும், மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில் பி.இ.எஸ். கல்லூரியும் தனியார் நிறுவனங்கள். எல்லைக்கு அப்பால், சித்தூரிலிருந்து சிறிது தூரத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

இந்த வட்டாரத்துக்கும் இணைய மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. அப்பல்லோ நிறுவனர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா. அங்குள்ள சிறு மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியே நகரத்து நிபுணர்களுடன் இணைத்த தொலைமருத்துவத் திட்டத்தை, 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் ஹைதராபாத் வந்திருந்தபோது தொடங்கி வைத்தார். அன்று கிராமத்துக்கு இணைப்பு வருவதே செய்தியாக இருந்தது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, இணைப்பு ஒரு செய்தியாகவே இல்லாமல் போனது. ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே உலக மருத்துவ இலக்கியத்தின் பெரும்பகுதியைத் தேட முடிகிறது. எல்லாவற்றையும் திறந்து படிக்க முடிகிறதா என்பது வேறு விஷயம்.

தேர்வுக்கான தேடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுநிலை நீட் தேர்வை நோக்கிய மாணவர்கள் மேரோ, பிரெப்லேடர் போன்ற செயலிகளில் பாடம் கேட்கிறார்கள், கேள்வி வங்கியில் பயிற்சி எடுக்கிறார்கள். பாடநூல்களின் பி.டி.எஃப். கோப்புகள் டெலிகிராம் குழுக்களில் சுற்றுகின்றன. யூடியூப் விரிவுரைகள் உடற்கூறியலைப் புரியவைப்பதில் பல வகுப்பறைகளை மிஞ்சிவிடுகின்றன. இவற்றைக் குறை சொல்வதில் பொருளில்லை; எதற்காகச் செய்யப்பட்டனவோ அதற்கு இவை நன்றாகவே பயன்படுகின்றன. பழுது வேறிடத்தில். தேர்வுக்குப் பழகிய கை, வார்டில் கேள்வி எழும்போதும் அதே செயலியைத்தான் திறக்கிறது. யூடியூபில் இன்னொரு பொறியும் உண்டு. பழைய விரிவுரை பல ஆண்டுகளாகப் பார்வைகளைச் சேர்த்துக்கொண்டே போவதால், தேடலில் அதுவே மேலே வரக்கூடும். இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வாரம் மூன்று நாள் மருந்து என்ற முறையைக் கைவிட்டு, 2017-இல் தினசரி மருந்துக்கு மாறியது. மாற்றத்துக்கு முன் பதிவான விரிவுரை அழகாக, தெளிவாக, தவறாக இன்னும் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது. காணொளியின் தேதியைப் பார்க்கும் மாணவர் தப்பிக்கிறார்.

வார்டில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 2014-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவர்களுக்கு இரண்டு நோயாளிகளுக்கு ஒன்று என்ற அளவைவிடச் சற்று மேலாகக் கேள்வி எழுகிறது என்று கண்டது. அந்தக் கேள்விகளில் ஏறத்தாழ பாதிதான் தேடப்படுகின்றன. தேடியவற்றில் 78 சதவீதத்துக்கு விடை கிடைத்துவிடுகிறது. தேடினால் கிடைக்கிறது, தேடுவதுதான் குறைவு. நேரமின்மை முதல் காரணம். ‘இதற்கெல்லாம் விடை இருக்காது’ என்ற முன்முடிவு அடுத்தது.

கேள்வியை எப்படி வைப்பது என்பதிலிருந்துதான் தேடல் தொடங்குகிறது. இந்த வட்டாரத்துக்கு நன்கு பழக்கமான ஸ்க்ரப் டைஃபஸ் ஓர் எடுத்துக்காட்டு. நாளிதழ்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதும் நோய் இது. புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்பருவம் கடித்துப் பரவுகிறது. மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர்மாதங்களிலும் கூடுகிறது. அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் கருகிய பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லித் தருவார்கள். அப்படியொரு நோயாளி மூச்சுத்திணறலோடு வருகிறார் என்று கொள்வோம். மாணவர் ‘ஸ்க்ரப் டைஃபஸ் சிகிச்சை’ என்று கூகுளில் தட்டினால், டாக்சிசைக்ளின் என்ற விடை நொடியில் வருகிறது. அது தவறில்லை. ஆனால் அந்த விடை ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்ற சொல்லுக்கானது, கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கானது அல்ல. கேள்வியை ‘தீவிர ஸ்க்ரப் டைஃபஸ் உள்ள பெரியவருக்கு, டாக்சிசைக்ளின் மட்டும் கொடுப்பதைவிட அதனுடன் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா’ என்று விரித்துக் கேட்டால் தேடல் போகும் திசையே மாறுகிறது. நோயாளி யார், என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிடுகிறோம், எந்தப் பலனை எதிர்பார்க்கிறோம் என்று நான்காகப் பிரிக்கும் இந்த முறை 1990-களின் நடுவில் ஆதாரம் சார்ந்த மருத்துவத்தின் முன்னோடிகள் வகுத்தது.

இப்படிக் கேட்டவருக்குக் கிடைப்பது பக்கத்து ஊரில் பிறந்த விடை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் ஏழு மையங்களில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. இறப்பு, நீடிக்கும் சிக்கல்கள், நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சிரை வழியாக இரு மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கு மோசமான விளைவு நேர்ந்தது. டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் இது 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48. ஆனால் 28-ஆம் நாள் இறப்பை மட்டும் தனியே எடுத்தால் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கட்டுரைச் சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தை மட்டும் படிப்பவர் ‘சேர்த்துக் கொடுப்பது மேல்’ என்று எடுத்துக்கொண்டு போவார். முடிவுகள் பகுதியையும் படிப்பவருக்கு எது மேம்பட்டது, எது மேம்படவில்லை என்பது தெரியும். இந்த ஆய்வுக்கு முன்பே அச்சான பாடநூலில் இது இருக்க வழியே இல்லை.

ஒரு நல்ல ஆய்வு கையில் கிடைத்தால் தேடல் முடிந்ததா? பூச்சிமருந்து குடித்துக் கொண்டுவரப்படுபவர்களைப் பார்த்த மாணவர்களுக்கு இல்லை என்று தெரியும். ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுக்கு அட்ரோபினுடன் பிராலிடாக்சிமும் கொடுக்கலாமா என்ற கேள்வி தெற்காசிய வார்டுகளில் தீராத கேள்வி. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆய்வு, அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் பலன் உண்டு என்றது. இலங்கையில் 235 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வு பலன் தெரியவில்லை என்றது; தீங்கு நேரலாம் என்ற ஐயத்தையும் எழுப்பியது. இரண்டும் முறையான ஆய்வுகள், இரண்டும் நம்பகமான இதழ்கள். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதன்படி மாணவரின் கருத்து அமைந்துவிடும். எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் மீளாய்வு, முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2011-இல் பதிவு செய்தது. தனி ஆய்வுக்கு முன் மீளாய்வைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுதான். காக்ரேன் நூலகத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-இல் தேசியச் சந்தா எடுத்து, நாட்டில் இணைய இணைப்புள்ள எவரும் படிக்க வழி செய்தது. இது தெரியாமலே படித்து முடித்த மருத்துவர்கள் உண்டு.

அடுத்த படி பப்மெட். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996-இல் சோதனையாகத் தொடங்கி 1997-இல் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்ட இந்தத் தளத்தில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன. பெரும்பாலான குறிப்புகளுக்கு நூலகம் தன் சொந்தப் பொருட்சொற்களைச் சூட்டியிருக்கிறது. ‘மெஷ்’ எனப்படும் இந்தச் சொற்பட்டியல் 1960-இல் உருவானது. நாம் பாரசிட்டமால் என்று எழுதுவதை அது அசிட்டமினோபன் என்ற தலைப்பின் கீழ் வைக்கிறது. தேடுபவர் எதைத் தட்டினாலும் தானே பொருத்திக்கொள்கிறது. கூகுளுக்கு இந்த ஒழுங்கு இல்லை, ஆனால் வேகம் உண்டு. 2010-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், கூகுளிலும் ‘அப்டுடேட்’ என்ற மருத்துவத் தகவல் தளத்திலும் தேடியவர்கள் பப்மெட்டில் தேடியவர்களைவிட விரைவாகவும் சரியாகவும் விடை கண்டனர். பேராசிரியர்கள் வகுப்பில் சொல்வதற்கு நேர்மாறான முடிவு இது. மாணவர்கள் சோம்பலால் மட்டுமே கூகுளை நாடுவதில்லை.

ஆனால் கூகுளின் வெற்றியைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2006-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவர், கடினமான 26 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு கூகுளில் தேடி, 15 பேருக்குச் சரியான நோயறிதலை எட்டினார்கள். எந்த அறிகுறியைத் தேடுசொல்லாக எடுப்பது, எதை விடுவது, வந்த பக்கங்களில் எது பொருந்துகிறது என்று முடிவெடுத்தது அனுபவமுள்ள மருத்துவக் கண். முதலாண்டு மாணவரின் கையில் அதே கூகுள் வேறு கருவி.

உள்ளூர்த் தகவலைத் தேடுபவருக்கு வேறொரு இடைஞ்சல். இதை எந்த வழிகாட்டியும் சொல்லித் தருவதில்லை. ஊர்ப்பெயர்கள் மாறுகின்றன, எழுத்துகளும் மாறுகின்றன. திருப்பதி மாவட்டம் 2022 ஏப்ரல் 4-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகளில் அந்த நகரத்து நோயாளிகள் ‘சித்தூர் மாவட்டம்’ என்ற பெயரில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் திருப்பதியை ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் தட்டினால் மற்றது நழுவிப்போகும். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்து எலும்பு பாதிக்கப்படும் நோய் இந்தியாவில் முதலில் விவரிக்கப்பட்டது நெல்லூர் மாவட்டத்தில், 1937-இல், ‘இந்தியன் மெடிக்கல் கெஸட்’ இதழில். அன்றைய நெல்லூரின் பொதிலி, கனிகிரிப் பகுதிகள் 1970-இல் உருவான பிரகாசம் மாவட்டத்துக்குள் போயின. ஆகவே பழைய ஆய்வுக்கு ஒரு மாவட்டப் பெயரும் புதிய ஆய்வுக்கு இன்னொன்றும் வேண்டும். நல்லவேளையாக அந்தப் பழைய இதழ் முழுவதையும் ‘பப்மெட் சென்ட்ரல்’ இலவசமாகவே வைத்திருக்கிறது. ஸ்விம்ஸ் 2012 முதல் நடத்திவரும் ‘ஜர்னல் ஆஃப் கிளினிகல் அண்ட் சயின்டிஃபிக் ரிசர்ச்’ இதழும் திறந்த அணுகலில் கிடைக்கிறது. ராயலசீமை நோயாளிகளைப் பற்றி அறிய விரும்புபவர், லண்டன் இதழ்களுக்குப் போகுமுன் அதைப் புரட்டுவது நல்லது.

வெளிநாட்டுத் தளங்கள் தரமானவையாக இருந்தாலும் அப்படியே பொருந்துவதில்லை. பிரிட்டிஷ் பக்கம் வெறும்வயிற்றுச் சர்க்கரையின் நீரிழிவு எல்லையை 7.0 என்று போடும். நம் லேப் ரிப்போர்ட்டில், அலகு வேறு என்பதால், அதுவே 126. மேலை நாட்டு அட்டவணைப்படி உடல் நிறைக் குறியீடு 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை. இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. அட்ரினலினை அமெரிக்கர்கள் எபிநெஃப்ரின் என்றும், சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்றும் எழுதுகிறார்கள். இவை தெரிந்தால் சிறிய விஷயம். இரவுப் பணியில், அவசரத்தில், தெரியாவிட்டால் சிறிய விஷயம் அல்ல. காசநோய், மலேரியா, தடுப்பூசி போன்றவற்றில் தேசியத் திட்டங்களின் வழிகாட்டி நூல்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2019 முதல் வெளியிட்டுவரும் நிலையான சிகிச்சை நெறித்தாள்களும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. அரசு மருந்தகத்தில் இருக்கும் மருந்தையே அவை பேசுகின்றன.

கிடைத்த கட்டுரையைத் திறக்க முடியாமல் பணம் கேட்டு நிற்கும் பக்கம் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த காட்சி. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள் என்பது அதன் அளவு. திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. திருப்பதி அரசுக் கல்லூரி ஒரு பக்கமும், சித்தூர், குப்பம் தனியார் கல்லூரிகள் மறுபக்கமுமாக ஒரு கோடு விழுகிறது. தனியார் கல்லூரிகள் தங்கள் சந்தாவைத் தாங்களே கட்ட வேண்டும். சந்தா இருந்தாலும் அதற்குரிய உள்நுழைவு தெரியாமல், ஹாஸ்டலில் சொந்த டேட்டாவில் தேடுபவருக்குக் கதவு மூடியே இருக்கும். நூலகரைப் போய்ப் பார்ப்பது பலருக்குத் தோன்றாத எளிய வழி.

தகவலின் தரத்தை எடைபோட இணையத்தின் தொடக்க காலத்திலேயே அளவுகோல்கள் வந்தன. யார் எழுதியது, எதிலிருந்து எடுத்தது, யார் பணம் கொடுத்தது, எப்போது எழுதியது என்ற நான்கு கேள்விகளை 1997-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் முன்வைத்தது. ஜெனீவாவில் ஓர் அறக்கட்டளை 1996 முதல் நல்ல தளங்களுக்கு ‘ஹான்’ முத்திரை வழங்கி, 2022-இல் நிறுத்திக்கொண்டது. இவை பயனுள்ளவை; ஆனால் பாத்திரத்தைச் சோதிக்கின்றனவே தவிர உள்ளே இருப்பதை அல்ல. நான்கு கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லும் தவறான கட்டுரை இருக்க முடியும். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த 1998 கட்டுரை வந்தது ‘லான்செட்’டில்; திரும்பப் பெற்றது 2010-இல். கொரோனா காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி அதே இதழ் 2020 மே மாதம் வெளியிட்ட கட்டுரை இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. பப்மெட்டில் இத்தகைய கட்டுரைகளின் தலையில் சிவப்பு எச்சரிக்கை நிற்கும். கட்டுரையை பி.டி.எஃப். கோப்பாக வாட்ஸ்அப்பில் வாங்கியவருக்கு அது தெரியாது. காசு வாங்கிக்கொண்டு சரிபார்க்காமல் அச்சிடும் இதழ்களின் கதை ஆந்திர, தெலங்கானா மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் 5 கோடி டாலருக்கும் மேல் தண்டம் விதித்தது, இத்தகைய நடைமுறைகளுக்காகத்தான்.

ஆதாரமே இல்லாத இடத்தில் தேடுபவர் என்ன செய்வது? 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், நெல்லூர் மாவட்டத்துக் கிருஷ்ணபட்டினத்தில் ஆனந்தய்யா என்பவர் கொடுத்த மூலிகை மருந்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டது. கண்ணில் விடும் சொட்டு மருந்தும் அதில் ஒன்று. மருத்துவ மாணவர் உள்ள வீடுகளில் எல்லாம் ‘இதை வாங்கலாமா’ என்று அவரிடம் கேட்டிருப்பார்கள். பப்மெட்டில் அன்று எதுவும் இல்லை. ஆயுர்வேத ஆய்வு அமைப்புகளின் அறிக்கையைப் பெற்ற மாநில அரசு, தீங்கில்லை என்ற அடிப்படையில் மே 31-இல் வாய்வழி மருந்துகளுக்கு அனுமதி தந்து, கண்சொட்டு மருந்தைத் தள்ளி வைத்தது. வழக்கமான மருந்துகளை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னது. கூட்டம் அதை ‘அரசே ஒப்புக்கொண்ட மருந்து’ என்று படித்தது. தீங்கில்லை என்பது ஒன்று, குணப்படுத்தும் என்பது வேறொன்று, பலன் உண்டா என்று இதுவரை யாரும் சோதிக்கவில்லை என்பது மூன்றாவது. தேடல் வெறுங்கையோடு திரும்பும்போது இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிவதும் தேடும் திறனில் சேர்ந்ததுதான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் தேடலின் உருவமே மாறிவருகிறது. பக்கங்களின் பட்டியலுக்குப் பதில் முடிந்த பத்தியாக விடை வருகிறது. கடினமான கருத்தை எளிதாக்கவும், கேள்வியை நான்கு கூறாகப் பிரிக்கவும், தேடுசொற்களைப் பரிந்துரைக்கவும் இத்தகைய கருவிகள் நன்றாக உதவுகின்றன. ஆனால் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் சேர்த்து மேற்கோள் காட்டிவிடுவதும் உண்டு. தலைப்பைப் பப்மெட்டில் போட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட ஆழமான குறை, சொல்நடையில் தயக்கம் தெரியாதது. ஸ்க்ரப் டைஃபஸ் ஆய்வில் இறப்பு குறையவில்லை என்ற செய்தியும், பிராலிடாக்சிமில் முடிவு எட்டப்படவில்லை என்ற செய்தியும் சரளமான ஒரு வாக்கியத்துக்குள் கரைந்து போகலாம்.

2019-இல் நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் தொடக்கத்தில் கணினிப் பயிற்சியையும், பிறகு தானாகக் கற்பதற்கென நேரத்தையும் ஒதுக்குகிறது. முதுநிலை மாணவர்கள் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் இணையவழி ஆராய்ச்சிப் படிப்பை முடித்தாக வேண்டும். இளநிலையில் உண்மையான இலக்கியத் தேடல் பலருக்கு முதன்முதலில் வாய்ப்பது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதுதான். விண்ணப்பிக்காதவர், தேடக் கற்காமலேயே ஹவுஸ் சர்ஜன் ஆகிவிடலாம். ரவுண்ட்ஸில் பேராசிரியர் ஒரு கேள்வியைக் கொடுத்து, மறுநாள் விடையோடு அதைக் கண்ட வழியையும் சொல்லச் சொன்னால், தனி வகுப்பே தேவைப்படாது.

கண்ட விடை கடைசியில் நோயாளியிடம் போய்ச் சேர வேண்டும். அங்கே ஆங்கிலம் உதவுவதில்லை. குப்பத்து ஓ.பி. வரிசையில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்து நிற்கின்றன. சித்தூர் வார்டில் எல்லையோரத் தமிழர் வருவது அன்றாடம். மாணவர் படித்தது ‘ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ்’; சொல்ல வேண்டியது, காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் மொழிபெயர்த்தார். இன்று தமிழிலோ தெலுங்கிலோ ஒரு நோயைப் பற்றித் தேடினால், மருத்துவமனை விளம்பரங்களும் வீட்டு வைத்தியக் காணொளிகளும் முந்திக்கொள்கின்றன. நோயாளியின் உறவினர் பார்த்துவிட்டு வருவது அவற்றைத்தான். ஹவுஸ் சர்ஜன் கட்டிலருகே வரும்போது, அந்த உறவினர் போனை நீட்டி, ‘சார், இதுல இப்படிப் போட்டிருக்கே’ என்று கேட்கிறார்.